பேனாவில் பெயர் எழுதிய கேசட்டுகள்

பழைய கேசட் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மூன்று விஷயங்கள் வரிசையாக வந்து நிற்கும். பென்சிலை உள்ளே விட்டுச் சுற்றியது, இளையராஜா பாட்டு, அப்புறம் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்கிற பெருமூச்சு. மூன்றிலும் தப்பில்லை. ஆனால் பெருமூச்சு விடுகிற அவசரத்தில் ஒரு கணக்கு தலைகீழாகிவிட்டது. எந்தக் கேசட்டைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டாலும் நஷ்டமில்லை என்கிற கணக்கு.

சேலம், நாமக்கல் பக்கத்து வீட்டு அட்டாலிகளில் இன்னும் கேசட் டப்பாக்கள் கிடக்கின்றன. ஒரு டப்பாவை இறக்கித் தூசி தட்டினால் உள்ளே இரண்டு ஜாதி கேசட் இருக்கும். ஒன்று, கம்பெனி அட்டையோடு வந்த சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, வசன கேசட். இன்னொன்று வெறும் சோனி, டிடிகே, மெல்ட்ராக் கேசட். அதன் மேல் பேனாவால் "கல்யாணம்", "அப்பாரு பேச்சு", "கூத்து - 2" என்று கோணல் மாணலாக எழுதியிருக்கும். சில கேசட்டில் அதுவும் இருக்காது.

இப்போது பழைய கேசட்டைத் துடைத்து, ரிப்பேர் செய்து, அழகாக அடுக்கிப் படம் போடுகிற ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. அவர்கள் தேடிப் பிடித்துச் சரி செய்வது முதல் ஜாதியை. பேனாவில் எழுதிய கேசட்டுகள் காயலாங்கடைக்குப் போகின்றன. இது நேர் எதிராக நடக்க வேண்டிய காரியம்.

காரணம் எளிது. படப் பாட்டுக் கேசட் ஒன்று போனால் அதே பாட்டு இன்னும் ஆயிரம் இடத்தில் இருக்கிறது. கம்பெனியிடம் இருக்கிறது, யூடியூபில் இருக்கிறது, பக்கத்து வீட்டு அட்டாலியிலும் இருக்கிறது. "அப்பாரு பேச்சு" என்று எழுதிய கேசட் உலகத்திலேயே ஒன்றுதான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை வேறு மாதிரிச் சொல்லலாம். எந்தச் சொத்துக்கும் புத்தக மதிப்பு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது கழிவு மதிப்பு. அந்தக் கணக்குப்படி எல்லாக் கேசட்டும் எப்போதோ பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் என்ன விலையோ அதுதான் அதன் விலை. ஆனால் மாற்று மதிப்பு என்றும் ஒன்று உண்டு. இது போய்விட்டால் இதே மாதிரி இன்னொன்று வாங்க எவ்வளவு ஆகும் என்கிற கணக்கு அது. படப் பாட்டுக் கேசட்டுக்கு அதுவும் சில்லறைதான். பேனாவில் எழுதிய கேசட்டுக்கு அந்தக் கட்டத்தில் எந்த எண்ணையும் போட முடியாது. விற்கிறவர் யாரும் இல்லாத சரக்குக்கு என்ன விலை போடுவது?

கேசட் பிறந்ததே பாட்டுக்காக அல்ல. 1963ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி இதை முதன்முதலில் காட்டியபோது, கையில் தூக்கிக்கொண்டு போய்ப் பேச்சைப் பதிவு செய்கிற கருவியாகத்தான் அதை நினைத்திருந்தார்கள். பெல்ஜியத்தில் ஹாசல்ட் என்ற ஊரில் லூ ஓட்டன்ஸ் தலைமையில் ஒரு குழு செய்தது அது. ஓட்டன்ஸ் 2021ல் காலமானார். பாட்டுக்கு ஏற்ற தரம் பின்னால்தான் வந்தது.

கிராமபோன் தட்டுக்கும் கேசட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இதுதான். தட்டை வாங்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான். கேசட்டில் சிவப்புப் பட்டனை அமுக்கினால் வாங்கியவரே பதிவு செய்யலாம். இதனால் பாட்டுத் தொழிலே பெரிய கம்பெனிகளின் கையிலிருந்து சிதறிச் சின்ன ஊர்களுக்குப் போனது என்று வட இந்தியாவை வைத்து பீட்டர் மேனுவல் 1993ல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு முளைத்த ரெக்கார்டிங் சென்டர்கள் அதற்கு இன்னொரு சாட்சி. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாங்கி வருகிற கடைகள் அவை. சட்டப்படி அது சரியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை :-)

நாமக்கல் லாரிகளில் கேசட் ஓடியது. கைத்தறி ஓடும் வீடுகளில் ஓடியது. நோம்பிக்குக் கட்டிய குழாயில் ஓடியது. அதே டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியக் கூத்தைப் பதிவு செய்தவர்களும் இருந்தார்கள். அம்மாயி தாலாட்டைப் பதிவு செய்தவர்கள், மொய் எழுதும் சத்தத்தோடு கல்யாண வீட்டைப் பதிவு செய்தவர்கள், குழந்தையின் மழலையைப் பதிவு செய்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். செல்போன் வருவதற்கு முன்னால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் குரல் தங்க இருந்த ஒரே இடம் அந்த டப்பாதான். போட்டோ எடுக்க ஸ்டூடியோ இருந்தது. குரலுக்கு வேறு எதுவும் இல்லை.

வீட்டுக் குரலெல்லாம் வரலாறா என்று கேட்கலாம். கொங்கு நாட்டிலேயே பதில் இருக்கிறது. பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். 1965ல் அங்கே உடுக்கையோடு பல இரவுகள் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார். பொன்னர் சங்கர் கதை என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் வைத்திருந்தது கேசட் அல்ல, சுருள் சுருளாக வரும் பெரிய ரீல் டேப். அந்தப் பதிவை வைத்து 1982ல் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூல் வந்தது. 1992ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் பாடப்பட்ட தமிழையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பிற்பாடு அதே கதை அனிமேஷன் தொடராகவும் ஆனது.

1965ல் அந்த ஊரில் அதே கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது அதிசயமாகவே இருந்திருக்காது. வருஷா வருஷம் கேட்கிற கதைதானே, இதைப் போய் எதற்குப் பிடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கும். தினமும் கேட்கிற குரல் தொலையும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தக் குரல் இன்று மிஞ்சியதற்கு மூன்று காரணங்கள். ஒருவர் பதிவு செய்தார். பதிவு செய்ததைப் பத்திரமாக வைத்தார். வைத்ததை இன்னொரு வடிவத்துக்கு மாற்றினார். வீட்டுக் கேசட்டுகளுக்கு முதல் காரியம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இரண்டாவது காரியத்தை அட்டாலி தெரியாத்தனமாகச் செய்துவிட்டது. மூன்றாவதுதான் பாக்கி.

பத்திரமாக வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சேலத்திலேயே உதாரணம் உண்டு. ஏற்காடு ரோட்டில் டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938ல் வந்ததும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் வந்ததும் அங்கிருந்துதான். இன்று அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது நுழைவு வளைவு. 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதி எங்கேயும் இல்லை. பணம், லேப், கிட்டங்கி, ஆள் பலம் எல்லாம் இருந்த தொழிலுக்கே அந்தக் கதி என்றால், செருப்பு அட்டைப் பெட்டியில் கிடக்கும் கேசட்டுக்கு யார் பொறுப்பு?

சரி, பழைய கேசட் இன்னும் பாடுமா? பெரும்பாலும் பாடும். டேப் என்பது பாலியெஸ்டர் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடுத் தூள் பசையோடு பூசப்பட்டிருக்கிறது. அகலம் 4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 60 நிமிடக் கேசட்டில் சுமார் 86 மீட்டரும், 90 நிமிடக் கேசட்டில் சுமார் 129 மீட்டரும் ஓடுகிறது. 90 நிமிட நாடாவின் கனம் 12 மைக்ரான் அளவுதான், அதாவது 80 சுற்றுச் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். கேட்கப் பயமாக இருந்தாலும் நாடா எளிதில் சாவதில்லை. சாவது அதைச் சுற்றியுள்ள மற்றவை. ஸ்பிரிங் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோகும், டப்பா வெயிலில் வளையும், ஓரத்து உருளை இறுகும்.

இந்தச் சமவெளியில் முக்கிய எதிரி வெயில். கடலோர ஊர்களில் ஈரத்தால் பூஞ்சை பிடிக்கும். இங்கே ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில், தகரக் கூரைக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் கீழே இருக்கும் அட்டாலி அடுப்பு மாதிரி ஆகிவிடும். பசை இளகும், டப்பா நெளியும். எனவே இன்றைக்கு ரிப்பேர் செய்ய நேரமில்லாவிட்டாலும் டப்பாவைக் கீழே இறக்கி, சுவர் பக்கம் நிழலான அலமாரியில், கேசட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைப்பதே பாதி வேலை. ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது.

நாடாவைவிட வேகமாக அழிவது பிளேயர். அதைச் சரி செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015ல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத டேப்புகள் பெரும்பாலும் தொலைந்தவைதான் என்பது அதன் சாரம். நாடா அழிகிறது என்பது ஒரு காரணம், ஓட்டும் கருவியும் ஓட்டத் தெரிந்த ஆளும் கிடைக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். அந்த 2025ம் வந்து போய்விட்டது. சோனி கம்பெனி ஜப்பானில் கேசட் வாக்மேன் உற்பத்தியை நிறுத்தியது 2010ல். இப்போது புதிதாக விற்கும் மலிவு பிளேயர்களைவிட, நன்றாக இருந்த காலத்துப் பழைய டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, ரப்பர் பெல்ட்டை மாற்றி ஓட்டுவது எவ்வளவோ மேல்.

இனி வேலை. இது இன்ஜினியரிங் படித்தவர்கள் மட்டும் செய்கிற காரியமில்லை. பொறுமை இருந்தால் போதும்.

முதல் காரியம், கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவது. அது உடைந்திருந்தால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. பாசத்தோடு போட்டுக் கேட்கப் போய்க் கை தவறி அழித்த கதைகள் ஏராளம். அந்தக் கதையில் இன்னொன்று சேர வேண்டாம்.

இந்தப் பல் இன்னொரு ரகசியமும் சொல்லும். கம்பெனிக் கேசட்டுகளில் பல் ஆரம்பத்திலேயே இருக்காது. அந்த ஓட்டையை யாராவது செல்லோ டேப் ஒட்டியோ காகிதம் திணித்தோ அடைத்திருந்தால், படப் பாட்டின் மேல் வீட்டில் எதையோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெற்றுக் கேசட் வாங்கக் காசில்லாத வீடுகளில் இது சகஜம். மேலே முருகன் படம் போட்ட பக்திப் பாட்டு கேசட்டுக்குள்ளே அப்பத்தா குரல் இருக்கலாம். அதனால் அட்டையை நம்பி எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஓட்டையைப் பாருங்கள்.

அடுத்து, ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொடி படிந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதைத் தனிப் பையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். மற்ற கேசட்டோடு சேர்க்கவும் வேண்டாம், நல்ல பிளேயரில் போடவும் வேண்டாம். அந்த ஒன்றுக்கு விவரம் தெரிந்தவரைத் தேடுவதுதான் சரி.

மற்றவற்றை எடுத்த எடுப்பில் பிளேயரில் தள்ளாதீர்கள். பென்சிலோ பேனாவோ விட்டு மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் கேசட்டின் தட்டையான பக்கத்தை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் இளகும். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை நிதானமாகச் சுற்றுங்கள். இருபது வருஷமாக ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரிந்து ஒழுங்காக அமரும்.

சத்தம் மங்கலாக, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டால் கேசட்டின் வாயில் இருக்கும் அந்தப் பஞ்சுத் துண்டைப் பாருங்கள். நாடாவை ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிப்பது அதுதான். அது உதிர்ந்திருந்தால் நாடாவை வேறொரு நல்ல டப்பாவுக்கு மாற்ற வேண்டும். இதற்குத்தான் கம்பெனிக் கேசட்டுகள் உபயோகம். உள்ளே வீட்டுக் குரல் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்ட ஒரு படப் பாட்டுக் கேசட்டை எடுங்கள். ஐந்து திருகாணி போட்ட ரகமாக இருக்க வேண்டும். திருகாணி இல்லாமல் ஒட்டிய ரகம் என்றால் பொருத்து வாயில் பிளேடை வைத்து மெல்ல நெம்பிப் பிளக்க வேண்டியிருக்கும்.

திறக்கும் முன் ஃபேனை நிறுத்துங்கள். சிரிக்க வேண்டாம், முக்கியமான விதியே இதுதான்! ஒரு சுழல் காற்றில் 86 மீட்டர் நாடா கூடமெல்லாம் பரவிவிடும். எண்ணெய்க் கை, விபூதிக் கை ஆகாது. ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துத் திறந்தால் உருளையும் ஊசியும் ஓடி ஒளியாது. மேல் மூடியைத் தூக்கியதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்பது பிறகு ஞாபகம் வராது. இரண்டு சக்கரத்தையும் நாடாவோடு சேர்த்துப் புது டப்பாவுக்கு மாற்றுங்கள். மேலும் கீழும் இருக்கும் மெல்லிய தாள்களை மறக்க வேண்டாம், அவை இல்லாவிட்டால் நாடா இறுகும். திருகாணியை ரொம்ப முறுக்கவும் கூடாது.

நாடா அறுந்திருந்தால் ஒட்டலாம். ஆனால் சாதாரண செல்லோ டேப்பால் அல்ல. அதன் பசை வெயிலில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே ஒட்டு நாடா விற்கிறது. இரண்டு முனையையும் மேலே மேலே ஏறாமல் நேருக்கு நேர் சேர்த்து, ஹெட்டில் படாத பக்கமாக ஒட்ட வேண்டும். கசங்கிய இடத்தை வெட்டி எறிகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்படியானால் ஐந்து சென்டிமீட்டர் வெட்டினால் ஒரு விநாடிப் பேச்சு போச்சு. ஒரு விநாடியில் ஒருவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். கசங்கிய நாடாவை விரலால் நீவிவிட்டு ஓட்டினால், அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் பெரும்பாலும் பேசிவிடும்.

பிளேயர் பக்கம் ஹெட், சுழலும் இரும்புத் தண்டு, ரப்பர் உருளை மூன்றையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். பட்ஸில் ஏறும் பழுப்பு நிறத்தைப் பார்த்தால் இத்தனை நாள் சத்தம் ஏன் மங்கியது என்று தெரிந்துவிடும்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அடுத்த படிதான் கேசட்டுக்கே உயிர் கொடுக்கும். ஹெட்டின் ஓரத்தில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். ஹெட் நாடாவுக்கு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. வீட்டு டேப் ரெக்கார்டர்களில் இந்தச் சாய்வு ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது. பதிவு செய்த கருவியின் சாய்வும் இப்போது ஓட்டும் கருவியின் சாய்வும் பொருந்தாவிட்டால் ச, ஷ ஒலிகள் மழுங்கி, வாயில் துணி வைத்துப் பேசுவது போலிருக்கும். கேசட்டை ஓடவிட்டுக்கொண்டே அந்தத் திருகாணியைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்புங்கள். ஒரு புள்ளியில் குரல் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாக இதைச் செய்ய வேண்டும். "டேப் போயிடுச்சு" என்று முடிவு கட்டிய பல கேசட்டுகளில் டேப் போகவில்லை, இந்தத் திருகாணிதான் பொருந்தவில்லை.

வேகமும் ஒரு சிக்கல். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்போது பதிவு செய்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது அப்பாரு எட்டு வயசுப் பையன் மாதிரி கீச்சிடுவார். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு இதைச் சரி செய்யலாம். கரண்டில் போட்டுப் பதிவு செய்த கேசட்டாக இருந்தால் பின்னணியில் ஒரு முனகல் கேட்கும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் முனகல் 50லோ அதன் மடங்கான 100லோ இருக்க வேண்டும். அது 55ல் இருந்தால் பதிவு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். வேண்டாத இரைச்சல் என்று நினைத்ததே அளவுகோலாக ஆகிவிடுகிறது.

ஏற்றுவதற்கு பிளேயரின் லைன் அவுட் அல்லது ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருள், இவ்வளவுதான். லேப்டாப்பில் லைன் இன் துளை இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன யுஎஸ்பி கருவி வேண்டியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிவு செய்யலாமா என்றால், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் ஃபேன் சத்தம், தெருவில் போகும் பால்காரர் ஹார்ன் எல்லாம் அதில் சேர்ந்து வரும். எம்பி3யாக அல்ல, வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வையுங்கள். உலக ஒலி ஆவணக் காப்பாளர்கள் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவே அதுதான். 90 நிமிடக் கேசட் ஸ்டீரியோவில் ஒன்றரை ஜிபி பிடிக்கும். இன்றைய மெமரி கார்டு விலைக்கு அது ஒரு செலவே இல்லை.

உண்மையான செலவு நேரம். 90 நிமிடக் கேசட்டை ஏற்ற 90 நிமிடம் ஆகும், குறுக்குவழி கிடையாது. பத்துக் கேசட் என்றால் பதினைந்து மணி நேரம். அதனால்தான் எதை முதலில் செய்வது என்கிற வரிசை முக்கியம். படப் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது செய்யாமலே விட்டுவிடலாம்.

ஏற்றிய மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்குவது, செயற்கை நுண்ணறிவில் குரலைத் துலக்குவது எல்லாவற்றையும் ஒரு நகலில் செய்து பாருங்கள். இந்தக் கருவிகள் தெரியாத இடத்தை ஊகித்து நிரப்புகின்றன. கடைசியில் கேட்பது ஆத்தாவின் குரலா, ஆத்தா மாதிரி ஒரு குரலா என்று சொல்ல முடியாமல் போகும். அடுப்படி இரைச்சலும் சேவல் கூவலும் அந்த நாளைச் சேர்ந்தவைதானே, அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏற்றிய பிறகு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. கேசட்டைக் கொடுத்து சிடியாக மாற்றி வாங்கிவிட்டு, அப்பாடா என்று கேசட்டை எறிந்த குடும்பங்கள் எத்தனையோ. வீட்டில் எழுதிய அந்த சிடிகளில் பல இன்று படிக்காது, படிக்க லேப்டாப்பில் டிரைவும் இல்லை. இணையத்தில் ஏற்றிவிட்டால் நிரந்தரம் என்பதும் நம்பிக்கைதான். 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாட்டுகளை சர்வர் மாற்றும்போது இழந்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019ல் ஒப்புக்கொண்டது. அதனால் இரண்டு வீட்டில் இரண்டு பிரதி, இணையத்தில் ஒன்று, மூலக் கேசட் அலமாரியில். இதற்குக் குறைந்தால் காப்பு என்று சொல்ல முடியாது.

எதிர்த்துச் சொல்லக்கூடிய வாதங்களில் வலுவானது ஒன்றுதான். பதிவில் இருப்பது யாருடைய குரல், அதைப் பரப்ப யாருக்கு உரிமை?

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இழவு வீட்டு ஒப்பாரியில் செத்தவர் பெருமை மட்டும் வராது. பங்காளிச் சண்டை வரும், கொடுத்த கடன் வரும், மருமகள் மேல் இருந்த மனத்தாங்கலும் வரும். பாடியவர் அந்தத் துக்கத்தில் பாடினார், ஊர் உலகம் கேட்கப் பாடவில்லை. அதைக் காப்பாற்றுவது வேறு, யூடியூபில் போடுவது வேறு. முதலாவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் குடும்பத்தில் உள்ளவர்களைக் கேட்டே ஆக வேண்டும்.

கூத்துக் கேசட்டுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது, 1994 திருத்தம் அதில் நிகழ்த்து கலைஞர்களின் உரிமையையும் சேர்த்தது. இப்போது அந்த உரிமை, நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 50 ஆண்டுகள். 1988ல் ஒரு ஜமா விடிய விடிய ஆடிய இரணியன் கூத்தை ஒருவர் பதிவு செய்து வைத்திருக்கிறார் என்றால், கேசட் அவருடையது, கூத்து அவருடையது அல்ல. அதை ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பதற்கு முன்னால், அந்த ஜமாவில் யார் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நியாயம். ஊரெல்லாம் பதிவு செய்த கூத்துக்காரர் வீட்டில் அவர் குரல் இல்லாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆடுகிறவரால் தன்னையே பதிவு செய்துகொள்ள முடியாதே!

சட்டத்தையும் தொழில்நுட்பத்தையும் விட அவசரமான விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கேசட்டை எப்படியோ ஓட வைத்துவிடலாம். அதில் பேசுவது யார்?

"கல்யாணம்" என்று மட்டும் எழுதிய கேசட்டில் பத்துக் குரல் கேட்கும். யார் கல்யாணம், எந்த மண்டபம், எந்த வருஷம், நடுவில் அதட்டுகிற குரல் யாருடையது, சிரிக்கிற பெண் யார்? இதற்குப் பதில் எந்த மென்பொருளிடமும் இல்லை. வீட்டில் இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் ஒருவர் இருவரிடம்தான் இருக்கிறது. குரலை அடையாளம் சொல்ல ஆளில்லாவிட்டால், எவ்வளவு சுத்தமாக ஏற்றி வைத்தாலும் அது யாரோ பேசும் சத்தம்தான்.

அதனால் ஏற்றும்போது பாட்டியையோ பெரியப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "இது யாருங்க?" என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆள், ஊர், வருஷம், சந்தர்ப்பம் நாலையும் போடுங்கள். அட்டையையும் கையெழுத்தையும் படம் எடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். அவர்கள் அழுதால் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தொடருங்கள்.

ரிப்பேருக்கு வேண்டிய திருப்புளி அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும். பெல்ட்டும் எப்படியாவது கிடைக்கும். "இது உங்க அப்பாரோட தம்பி, லாரிக்குப் போனவரு" என்று சொல்லக்கூடியவர் அடுத்த வருஷம் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டப்பாவை இந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்குங்கள். பேனாவில் எழுதிய கேசட்டை முதலில் எடுங்கள்.